கேட்டுக்கொண்டால் போதாது, பதிலுக்கு நாள் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இப்போது தலைமைப் பண்புப் பயிற்சிகளுக்குக் குறைவில்லை. ஓட்டல் அரங்கில் ஒரு நாள் பேச்சு, நடுவில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ். போய்வந்த சூப்பர்வைசர்களைக் கேட்டால், ஊழியர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அவர்கள் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும் என்று சொன்னார்கள் என்பார்கள். எங்கே உட்கார்ந்து கேட்பது, எத்தனை நிமிடம் கேட்பது, கேட்டபிறகு என்ன செய்வது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வருவதில்லை. அந்த விவரங்களை எழுதவே இக்கடிதம். பாரம்பரிய வீட்டு ஓட்டல்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், நகை, ஜவுளிக் கடைகள், கல்யாணச் சமையல் குழுக்கள், நூற்பாலைகள், தனியார் மருத்துவமனைகள் என்று பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை ஒருவருக்குக் கீழ் வேலை பார்க்கும் இடங்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம்.

எங்கள் கருத்து ஒன்றே ஒன்று. ஊழியர் சொன்னதற்கு, குறித்த நாளில் பதில் வராவிட்டால் அவரைக் கேட்காமலே விட்டிருக்கலாம். கேட்காத சூப்பர்வைசரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கேட்டுவிட்டு மறந்தவரிடம் மறுபடி வாய் திறக்க மாட்டார்கள்.

முதலில், நம் பகுதியில் ஊழியர் ஏன் பேசுவதில்லை என்று பார்க்க வேண்டும். கூச்சம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. இங்கே பெரும்பாலான வேலை, ஆள் மூலமாகத்தான் கிடைக்கிறது. சித்தப்பா சேர்த்துவிட்டிருப்பார், பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். கடையில் ஒரு குறை சொன்னால் அது சேர்த்துவிட்டவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும். இரண்டாவது, முன்பணம். மகள் சடங்குக்கோ வீட்டுக்கு ஓடு மாற்றவோ முன்பணம் வாங்கியவர், அது கழியும் வரை சம்பளம், வேலை நேரம் எதைப் பற்றியும் பேச மாட்டார். பேசினால் "முதல்ல வாங்குனதக் கொடு" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். மூன்றாவது, இடம். நம் கடைகளில் முதலாளியோ மேனேஜரோ கல்லாவில் இருப்பார், எதிரில் வாடிக்கையாளர் நிற்பார். அங்கே நின்றுகொண்டு யார் என்ன சொல்ல முடியும்? "சரிங்கய்யா" என்பது ஒன்றுதான் சொல்ல முடியும். இவற்றோடு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்களின் மொழிச் சிக்கல் வேறு. அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் எல்லோருக்குமாகப் பேசுகிறார். பல இடங்களில் அவர்தான் அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட். ஏஜென்ட் மீதே குறை இருந்தால் அவர் அதை மொழிபெயர்ப்பாரா?

பேசாமல் இருப்பதன் விலை உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் ஆபத்து. டைல்ஸ் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைத்து, உள்ளே அச்சைப் பொருத்தி, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பிறகு ஈரக் கலவை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊற வேண்டும். ஆர்டர் அவசரம் என்று தொட்டியில் இருக்கும் நாளைக் குறைத்தால் சிமெண்ட் முழு உறுதி பெறாது. அன்றைக்குப் பார்க்கையில் கல் அழகாகத்தான் இருக்கும். லாரியிலோ, தரையில் பதிக்கும்போதோ மூலை உடையும். கலவை ஊற்றுகிறவருக்கு இது முன்கூட்டியே தெரியும். போன தடவை சொன்னபோது "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று பதில் வந்திருந்தால், இந்தத் தடவை அவர் வாயைத் திறக்க மாட்டார். உடைந்த கல்லின் கணக்கு நஷ்டத்தில் ஏறும். ஏன் உடைந்தது என்பது எந்த நோட்டிலும் ஏறாது.

இனி நடைமுறை.

பன்னிரண்டு பேர் உள்ள குழுவுக்கு வாரம் இருவர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடியும். சூப்பர்வைசருக்கு வாரத்தில் அரை மணி நேரம்தான் செலவு. இருபத்தைந்து பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று மாதம் ஆகிவிடும். அது அதிகம். இரண்டாவது ஆளைப் பழக்குங்கள், அல்லது வாரம் நால்வராக்குங்கள். குறை இருப்பவரை மட்டும் கூப்பிடாமல் வரிசைப்படி எல்லோரையும் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால், "அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாங்க" என்பதே ஒரு செய்தியாகிவிடும்.

நேரம் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். டீ இடைவேளை ஊழியருடையது, அதில் கை வைக்கக் கூடாது. ஷிப்ட் முடியும் கடைசிப் பத்து நிமிடமும் கூடாது, அவர் கண் பஸ் மேல் இருக்கும். சம்பள நாளன்று பேசினால் பேச்சு சம்பளத்தை விட்டு நகராது. சமையல் குழுக்களில் முகூர்த்த நாளிலும் அதற்கு மறுநாளும் வேண்டாம். விடிய விடிய அடுப்படியில் நின்றவரிடம் கேட்டால் அலுப்புதான் பதிலாக வரும்.

இடத்துக்கு முதலாளி அறை சரிப்படாது. இரண்டு நாற்காலி, ஒரே உயரம், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாகப் போட்டது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. பெண் ஊழியரிடம் ஆண் பேசுவதானால் கதவு திறந்திருக்க வேண்டும், பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேச்சு மட்டும் காதில் விழக்கூடாது. பாரம்பரிய வீட்டு ஓட்டல்களில் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரம் இதற்கு ஏற்ற இடம், விருந்தினர் இல்லாத நேரமாக இருந்தால். போன் மேசை மேல் கவிழ்த்து வைத்தும் இருக்க வேண்டாம். வேறு அறையில் இருக்கட்டும்.

பேச்சில் பெரும்பாலோர் தவறுவது முதல் சில நொடிகளில். மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று பல மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதாவது, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரித்துவிடுகிறோம். அது மனித இயல்பு, திட்டிப் பயனில்லை. ஆனால் சூப்பர்வைசர் அந்த இயல்புக்கு ஒரு தடை போட்டுக்கொள்ளலாம். அவர் முடித்ததும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு நொடிக்குப் பதில் மூன்று நொடி காத்திருந்தபோது மாணவர்களின் பதில் நீண்டது என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். வேலையிடத்திலும் அந்த மூன்று நொடிக்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வருகிறது.

ஒரு மாதிரி உரையாடல். ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண் ஒருவர் சூப்பர்வைசரிடம் வந்து, "அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து எனக்குக் காலை ஷிப்டு வேணாம்ண்ணே" என்கிறார். வழக்கமாக வரும் பதில்கள் மூன்று. "எல்லாரும் காலையில வேணாம்னா ரூமை யாரும்மா கூட்டுறது?" என்பது முதல் வகை. "வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லேன்" என்பது இரண்டாவது, கேட்காத அறிவுரை. "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்பது மூன்றாவது. மூன்றில் இதுதான் மோசம் என்போம். கேட்க இதமாக இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. அவர் ஒரு மாதம் காத்திருந்து ஏமாறுவார்.

இப்படிப் போகலாம்:

"காலையில எது சிரமமா இருக்கும்மா?"

"பஸ்ஸுதாண்ணே."

இங்கே மூன்று நொடி.

"பஸ்ஸு மட்டும்னு இல்லண்ணே. மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்கு. சொட்டு மருந்து ஊத்திட்டுத்தான் கிளம்பணும். அந்த பஸ்ஸை விட்டா நேரத்துக்கு வந்து சேர முடியல."

"அப்ப மருந்து ஊத்துற வரைக்கும்தான் சிரமம். அது முடிஞ்சா காலை ஷிப்டு பரவாயில்ல. நான் புரிஞ்சுக்கிட்டது சரியாம்மா?"

"ஆமாண்ணே. ஆறு வாரம்னு சொல்லியிருக்காக."

"சரிம்மா. ஷிப்ட் சார்ட்டைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை சாயந்திரம் சொல்றேன்."

முதலில் சொன்ன "பஸ்" ஒரு நோட்டம். இவர் கேட்பாரா, கத்துவாரா என்று பார்ப்பதற்காகச் சொன்னது. நிரந்தர ஷிப்ட் மாற்றம் என்று தொடங்கியது ஆறு வார ஏற்பாடாக முடிந்தது. மேலே உள்ள பேச்சில் சூப்பர்வைசர் "ஏன்" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். மேலிருப்பவர் "ஏன் லேட்டு?", "ஏன் சொல்லல?" என்று கேட்டால் கீழிருப்பவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அவர் காரணம் தேடத் தொடங்குவார், நடந்ததைச் சொல்ல மாட்டார். என்ன, எது, எப்போதிலிருந்து என்று கேட்டால் விவரம் வரும்.

கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கமும் சில மனிதவளத் துறைகளில் இருக்கிறது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தினார்கள். ஆரம்பத்தில் பட்டியல் போட்டுத்தான் கேட்டார்கள். தொழிலாளர்களோ பட்டியலில் இல்லாததையே பேசினார்கள். நடுவில் பட்டியலைக் கைவிட்டு, அவரவர் போக்கில் பேசவிட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு சராசரியாக ஒன்றரை மணி நேரமானது. நம் கடைகளில் ஒன்றரை மணி நேரம் யாராலும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் பட்டியலுக்கு இடமில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். "இந்த ஆறு வாரத்துல வேலையில எது ரொம்பச் சிரமமா இருந்துச்சு?" என்ற ஒரே கேள்வி போதும்.

பரிவு காட்டுகிறேன் என்று செய்யும் தவறுகளும் உண்டு. "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்பது அதில் தலையாயது. தெரியாது என்பதுதான் உண்மை. அடுத்தது, "இதெல்லாம் ஒரு கஷ்டமா, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல..." என்று தொடங்குவது. அந்த நொடியில் பேச்சு ஊழியரிடமிருந்து சூப்பர்வைசர் கைக்குப் போய்விடுகிறது, திரும்பி வராது. ஊகத்தை ஊகமாகவே வைத்துச் சரிபார்ப்பதுதான் வழி: "ராத்திரி ஷிப்டு முடிச்சு வீட்டு வேலையும் பார்க்கிறது அலுப்பா இருக்கும்னு நினைக்கிறேன். அப்படியா, வேற எதுவுமா?" தவறான ஊகமாக இருந்தால் அவரே திருத்துவார். அழுதால் பேச்சை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, "இன்னொரு நாள் பேசலாமா, இப்பவே பேசுறீங்களா?" என்று கேட்டால் போதும். சமாதான வார்த்தைகளைக் கொட்ட வேண்டியதில்லை. பரிவு என்பது கேட்டதையெல்லாம் கொடுப்பது என்ற பயமும் வேண்டாம். கடன் கேட்டால், தன் கையில் அதிகாரம் இல்லை என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், கம்ப்யூட்டர் தேவையில்லை. நான்கு கட்டம்: தேதி, சொன்னது, செய்ய வேண்டியவர், பதில் நாள். "சொன்னது" என்ற கட்டத்தில் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "கழிப்பறை வசதிக் குறைபாடு" என்று எழுதினால் ஆறு நாள் கழித்து எழுதியவருக்கே விளங்காது. "ரெண்டாவது கக்கூஸ்ல தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது" என்று எழுதினால் ஆசாரியைக் கூப்பிடலாம். குடும்ப, உடல்நல விஷயங்களை எழுதக் கூடாது. மேலே சொன்ன உரையாடலில் நோட்டில் ஏற வேண்டியது "6 வாரம் மதிய ஷிப்ட் கேட்கிறார், வெள்ளி பதில்" என்பது மட்டும். மாமியார் கண் அதில் வரக் கூடாது. பதில் நாள் ஏழு நாளைத் தாண்டக் கூடாது. ஏழு நாளில் வேலை முடியாவிட்டாலும், "ஆசாரி செவ்வாய்க்கிழமை வர்றார்" என்பதும் பதில்தான். "முடியாது, இந்தக் காரணம்" என்பதும் பதில்தான். ஊழியர்கள் "முடியாது" என்பதைத் தாங்கிக்கொள்வார்கள். மௌனம்தான் அவர்களை வேறு கடைக்கு அனுப்புகிறது.

ரகசியம் உடைவது பெரும்பாலும் வம்பினால் அல்ல, அவசரத் தீர்வினால். இரவு ஷிப்டில் மூன்றே பெண்கள் இருக்கும் மருத்துவமனையில், "யாரோ சொன்னாங்க, ராத்திரி வாட்ச்மேன் தூங்குறாராம்" என்று மேனேஜர் மறுநாள் காலையிலேயே சத்தம் போட்டால், சொன்னது யார் என்பதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? இரண்டு நாள் பொறுத்து, தானே ஓர் இரவு சுற்றிப் பார்த்துவிட்டு, தான் கண்டதை வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டும். சொன்னவரிடமும், "இதை எப்படிக் கொண்டுபோனா உங்களுக்குச் சிக்கல் வராது?" என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கிற சூப்பர்வைசரை ஊழியர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

புகார்ப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. பெட்டிக்கு நேர் மேலே கேமரா, பெட்டிச் சாவி கல்லாவில், இருபது பேர் கையெழுத்தும் மேனேஜருக்கு அத்துப்படி. அந்தப் பெட்டியில் சாக்லேட் காகிதம்தான் கிடக்கும். முதலாளி உள்ள வாட்ஸ்அப் குழுவும் அப்படியே, கட்டைவிரல் படத்துக்கு மேல் எதுவும் வராது.

சட்டம் தரும் வசதியும் கேட்காத இடத்தில் வீண். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். செக்காலைச் சாலையோ வேறு எந்தக் கடைத்தெருவோ, ஸ்டூல் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. யாராவது அதில் உட்கார்கிறார்களா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால், உட்கார்ந்தபோது யாரோ ஒருவர் முறைத்திருக்கிறார் என்று பொருள். யார் என்பதை ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியாது. பதினைந்து நிமிடப் பேச்சில் அது வரும். அதேபோல், 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு வேண்டும் என்று 2010-ல் தொழிற்தகராறு சட்டத்தில் சேர்த்தார்கள். 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே 20 தான். குழு காகிதத்தில் இருந்தும் ஒரு குறைகூட வராத இடங்களில் முதலாளி பெருமைப்படக் கூடாது.

சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டு தானே தீர்க்கக் கூடாத விஷயங்கள் சிலவும் உண்டு. பாலியல் தொல்லை பற்றி ஒரு பெண் சொன்னால், "ரெண்டு பேரையும் உட்காரவச்சுப் பேசிருவோம்" என்று நம்மூர்ப் பஞ்சாயத்து முறையில் இறங்குவதுதான் அடிக்கடி நடக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் இந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடத்தினரும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. சூப்பர்வைசரின் வேலை குறுக்கிடாமல் கேட்பது, குழுவைப் பற்றிச் சொல்வது, எழுத உதவி வேண்டுமா என்று கேட்பது. அவ்வளவோடு நிறுத்த வேண்டும். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைப் பேச்சு வழக்கு என்று தள்ளாமல், உடன் இருந்துகொண்டே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைக்க வேண்டும். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இவ்வளவும் சூப்பர்வைசர் தலையில். அவரை யார் கேட்கிறார்கள்? காலை ஏழு மணிக்கு முதலாளியிடம் திட்டு வாங்கியவர் ஏழே காலுக்கு ஊழியரிடம் பரிவாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நம் பகுதிக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த வட்டிக்கடைகளை நகரத்தார் முதலாளிகள் ஊரில் இருந்துகொண்டே ஏஜென்ட் வைத்து நடத்தினார்கள். கடைநிலை உதவியாளரான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜென்டுக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளாகி, ஏஜென்டாக உயர்ந்தவர்கள் அந்த ஏஜென்டுகள். முதலாளிக்குக் கண்ணும் காதும் அங்கிருந்து வரும் கடிதமும் கணக்கும்தான். வராத கடன் பற்றிய செய்தியை எழுத ஏஜென்ட் பயந்தால், மூன்று வருஷத் தவணை முடிந்து ஆள் திரும்பும்போதுதான் ஓட்டை தெரியும். இன்று முதலாளிக்கு கேமராவும் கணக்கு மென்பொருளும் இருக்கின்றன. அவற்றில் தெரியாதது பழைய கடிதங்களிலாவது வந்திருக்கும்.

மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மன்ட்சன், நன்றாக நடக்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகின்றன என்று கண்டு 1996-ல் எழுதினார். அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அதற்குப் பொருளில்லை, நடந்ததைச் சொல்ல முடிந்தது. எனவே நோட்டு தொடங்கிய முதல் இரண்டு மாதம் குறைகள் கூடும். முதலாளிகள் அப்போது பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், மாதம் ஒரு முறை முதலாளி சூப்பர்வைசரோடு அதே பதினைந்து நிமிடம், அதே நாற்காலியில் உட்கார வேண்டும். முதலில் நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்: பதில் நாள் தாண்டியவை எத்தனை? ஐந்துக்கு மேல் இருந்தால், பெரும்பாலும் அவை முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருப்பவையாகவே இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்கள் தேவை விளம்பரங்கள் வரும் பக்கத்தின் ஓரத்தில், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட உள்ளூர்க் குழுக்களின் அலுவலக முகவரியையும் 14416 என்ற எண்ணையும் வாரம் ஒரு முறை வெளியிட்டால் உதவியாக இருக்கும். வேலை தேடுகிறவர்கள் எப்படியும் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். சூப்பர்வைசர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
மனிதவளப் பணியில் உள்ள சிலர்,
காரைக்குடி